மூன்று நாள் மலை யாத்திரை

செஞ்சிக் கோட்டையைக் காண வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். திண்டிவனத்துப் பஸ்ஸிலிருந்தோ திருவண்ணாமலைப் பஸ்ஸிலிருந்தோ இறங்குகிறார்கள். கல்யாண மகாலின் முன்னே நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள். பிறகு ராஜகிரியை அண்ணாந்து நோக்கி, "அடேயப்பா, இதன்மேல் யார் ஏறுவது!" என்று ஒரு முறை வியந்துவிட்டு, மர நிழலைத் தேடிப் போய்விடுகிறார்கள். ஊரிலேயே குடியிருப்பவர்களாகிய எங்களுக்கோ, மலை என்பது காலையில் தெருக் கதவைத் திறந்தால் எதிரே தெரிகிற ஒரு காட்சி. மழை வருமா, வராதா என்று பார்ப்பதற்கு அதன் உச்சி உதவுகிறது. இப்படிப்பட்ட மலையில் மூன்று நாள் யாத்திரை போவதென்று ஒரு குடும்பம் தீர்மானித்தால் அக்கம்பக்கத்தார் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அந்தக் குடும்பம் எங்களுடையதுதான். ஆனால் யோசனை கடல் கடந்து வந்தது.

நியூஜிலாந்தில் உத்தியோகம் பார்க்கும் எங்கள் அண்ணன் மகன், வருகிற தை மாதத்தில் மனைவியுடனும் பத்து வயதுப் பெண்ணுடனும் ஊருக்கு வருவதாகத் தெரிவித்திருந்தான். அதோடு நில்லாமல், "சித்தப்பா, சித்தி! இந்த முறை உறவினர் வீடுகளில் பலகாரம் சாப்பிட்டே விடுமுறையைக் கழிக்கப் போவதில்லை. மலையில் நடக்க வேண்டும்; இரவிலும் மலையிலேயே தங்க வேண்டும். நீங்களும் கூட வரவேண்டும். திட்டம் போட்டு வையுங்கள்" என்று கட்டளையும் இட்டிருந்தான்.

அவன் வசிக்கும் நாட்டில் மலை நடை என்பது ஜனங்களின் வழக்கமாகவே இருக்கிறது. மலைகளிலும் காடுகளிலும் அந்நாட்டு ஸர்க்கார் இலாகா ஒன்று 900-க்கும் மேற்பட்ட குடில்களைப் பராமரித்து வருகிறது. காலையில் ஒரு குடிலிலிருந்து புறப்பட்டால் மாலையில் அடுத்த குடிலை அடையலாம். அங்கே படுக்கப் பலகை இருக்கும். கூரையில் விழுந்த மழைநீர் தொட்டியில் இருக்கும். சில குடில்களில் அடுப்பும் இருக்கும். சமையற்காரரோ பணியாளரோ பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். வந்தவர் தம் அரிசியைத் தாமே சமைத்து, தம் பாத்திரத்தைத் தாமே கழுவி, குப்பையைத் தம் மூட்டையிலேயே கட்டிக்கொண்டு போகவேண்டும். எல்லாவற்றையும்விட எங்களைக் கவர்ந்தது அக்குடில்களில் வைத்திருக்கும் குறிப்பேடு. வந்தவர் யார், எத்தனை பேர், நாளை எந்த வழியே எங்கே போகிறார்கள் என்று அதில் எழுதவேண்டும். யாரேனும் காணாமற்போனால் தேடுகிறவர்களுக்கு அந்த ஒரு வரிதான் முதல் துணை.

ஐரோப்பாவில் இவ்வழக்கம் இன்னும் பழையது. ஸ்விட்ஜர்லாந்தில் ஆல்ப்ஸ் சங்கம் தோன்றியது 1863-ஆம் வருஷம். அதே வருஷத்தில் முதல் குடிலையும் கட்டிவிட்டார்கள். இன்று அச்சங்கத்துக்கு 150-க்கும் மேற்பட்ட குடில்கள் உண்டு. நார்வே தேசத்தார் 1868-இல் தங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். இவையெல்லாம் எங்கள் பிள்ளை சொல்லித் தெரிந்தவை. சொல்லி முடித்துவிட்டு, "நம் ஊரில் இப்படி ஒன்றுமே இல்லையே, சித்தப்பா?" என்று அவன் கேட்டபோதுதான் எங்களுக்குச் சற்று ரோசம் வந்தது.

இல்லையென்று யார் சொன்னது? வழி நடக்கிறவனுக்கு இரவில் ஒரு கூரை வேண்டும் என்ற எண்ணத்தை நாம் ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறக்குமதி செய்துகொள்ள வேண்டியதில்லை. நம் நாட்டுச் சாலைகளில் நடைக்கு நடை சத்திரமும் சாவடியும் இருந்தன. தலைச் சுமையைத் தனியாக இறக்கி வைத்து மறுபடி ஏற்றிக்கொள்ளச் சுமைதாங்கிக் கல் இருந்தது. கோடையில் தண்ணீர்ப் பந்தல் இருந்தது. இராமேசுவர யாத்திரை போகிறவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிவைத்த சத்திரங்களில் ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தை இன்றும் காணலாம். இமயத்திலே கேதாரத்துக்கும் பத்ரிக்கும் நடந்தே சென்ற காலத்தில், வழி நெடுக 'சட்டி' என்ற பெயருடைய தங்குமிடங்கள் இருந்தன. மோட்டார் வந்தது, ஒரே நாளில் ஊர் சேர்ந்தோம், சத்திரத்தை மறந்தோம். ஆகவே நாம் இழந்தது குடிலை அல்ல, நடையைத்தான் என்று அவனுக்குப் பதில் சொன்னோம்.

பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திட்டம் போட உட்கார்ந்ததும் முதற் கேள்வியிலேயே தடை வந்தது. ராஜகிரியின் உச்சியில் இரவு தங்க முடியுமா? முடியாது. கோட்டை 1921-ஆம் வருஷம் முதல் தேசியச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. மத்திய ஸர்க்காரின் தொல்பொருள் இலாகாவின் பொறுப்பில் இருக்கிறது. மாலையில் வாயிலை மூடிவிடுவார்கள். பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் மலையேறவும் விடமாட்டார்கள். இதைத் தெரிவித்தபோது பிள்ளைக்கு மிகுந்த ஏமாற்றம்.

"காவற்காரரிடம் சொல்லி ஒரு ராத்திரிக்கு மட்டும் அனுமதி வாங்க முடியாதா, சித்தப்பா? நாம் உள்ளூர்க்காரர்கள்தானே?"

"உள்ளூர்க்காரன் முதலில் மீறினால் வெளியூர்க்காரன் எதற்காகக் கட்டுப்படுவான், தம்பி?" என்றோம்.

அவன் விடவில்லை. கோட்டையில் முடியாவிட்டால் சுற்றியுள்ள காட்டு மலைகளில் எங்கேனும் கூடாரம் அடிக்கலாமே என்றான். இந்த இடத்தில் நாங்கள் சற்றுக் கண்டிப்பாகவே பேச வேண்டியதாயிற்று. 2018-ஆம் வருஷம் மார்ச் 11-ஆம் தேதி தேனி ஜில்லாவில் குரங்கணி மலையில் நடந்ததை நாம் மறக்க முடியுமா? மலை நடைக்குச் சென்ற இளைஞர்களும் இளம் பெண்களும் இறங்கி வரும் வழியில் காட்டுத் தீயில் அகப்பட்டுக் கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டு போனார்கள். அவர்கள் சோம்பேறிகளல்ல, துணிவில்லாதவர்களுமல்ல. நம் பிள்ளையைப் போலவே மலையை நேசித்தவர்கள். மார்ச்சு மாதத்துக் காய்ந்த புல் எப்படி எரியும் என்பதும், தீயின் வேகத்துக்கு முன்னால் மேட்டில் ஓடுவது எவ்வளவு பயனற்றது என்பதும் அன்றைக்குத்தான் பட்டணத்து வீடுகளுக்கெல்லாம் தெரிந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு ஸர்க்கார் மலையேற்றத்துக்கென்று விதிகளை ஏற்படுத்தினார்கள். 2024 அக்டோபர் மாதத்தில் 40 மலைப் பாதைகளை முறையாகத் திறந்து, அவ்வவ்விடத்து ஜனங்களையே வழிகாட்டிகளாகப் பழக்கி, ஒரு திட்டமும் தொடங்கியிருக்கிறார்கள். இவையெல்லாம் மலையிலிருந்து ஜனங்களை விரட்டுவதற்காக அல்ல. போனவர்கள் திரும்பி வருவதற்காக. அனுமதியில்லாத காட்டில் கூடாரம் அடிப்பதென்றால் நாங்கள் வரமாட்டோம், குழந்தையையும் அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டோம்.

தொலைபேசியின் மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு அவன், "சரி சித்தி, நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அப்படியே செய்வோம். ஆனால் ஒரே நாளில் ஓடிவந்து ஓடிப்போவது மட்டும் வேண்டாம்" என்றான்.

அந்த நிபந்தனை எங்களுக்கும் சம்மதமாகவே இருந்தது. அன்று இரவு சி. எஸ். ஸ்ரீநிவாஸாசாரியார் செஞ்சியின் சரித்திரத்தைப் பற்றி எழுதி, அண்ணாமலை சர்வகலாசாலை 1943-இல் வெளியிட்ட நூலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். படிக்கப் படிக்க ஓர் உண்மை விளங்கிற்று. மலையில் தங்குவதற்குத் திட்டம் போடுவது எப்படி என்று நாம் வேறெங்கும் போய்க் கற்க வேண்டியதில்லை. எதிரே நிற்கும் கோட்டையே அத்தகைய திட்டம்தான். கல்லில் எழுதிய திட்டம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று மலைகளையும் சேர்த்து வளைத்துக் கொண்டு மதில் சுமார் 8 மைல் ஓடுகிறது. ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். இமயத்தைக் கண்டவர்களுக்கு இது ஒரு மேடு. ஆனால் மூன்று பக்கம் செங்குத்தான பாறை. ஏற ஒரே வழி. உச்சிக்குச் சற்று முன்னே, பாறையில் இயற்கையாக இருந்த பிளவை மனிதர்கள் இன்னும் ஆழமாக வெட்டிவிட்டார்கள். சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள அந்தப் பிளவின்மேல் போட்ட பாலத்தை எடுத்துவிட்டால், மூன்று நான்கு பேர் நின்று ஒரு சேனையைத் தடுக்கலாம். இப்பொழுதும் பாலத்தின் மேலேதான் போகவேண்டும்.

இனி, தங்குவதற்கு வேண்டியவற்றைப் பாருங்கள். முதலில் தண்ணீர். மலையடிவாரத்தில் சக்கரக் குளமும் செட்டிக் குளமும். மலைமேலே வற்றாத சுனை. கல்யாண மகாலின் மேல் மாடிகளுக்குக் கூடத் தொலைவிலுள்ள நீர்த்தேக்கத்திலிருந்து மண் குழாய் வழியாக நீர் ஏறிற்று. அடுத்தது தானியம். கீழே தடித்த சுவருள்ள பெரிய களஞ்சியம், மேலேயும் களஞ்சியம். கிருஷ்ணகிரியில் எண்ணெய்க்கும் நெய்க்கும் என்று பாறையில் வெட்டிய தொட்டிகளைக் காட்டுகிறார்கள். கீழ்க்கோட்டை போய்விட்டால் மேற்கோட்டை. அதுவும் போகுமானால் இறங்கித் தப்ப வழி. தண்ணீர், உணவு, தங்குமிடம், திரும்பும் வழி, இந்த நாலையும் யோசித்த பிறகே அவர்கள் மலையில் குடியேறினார்கள்.

அந்த யோசனைக்குப் பரீட்சையும் வந்தது. சிவாஜி மகாராஜா 1677-இல் இக்கோட்டையைக் கைக்கொண்டு பலப்படுத்தினார். அவருடைய மூத்த குமாரர் சம்பாஜியை 1689-இல் ஔரங்கசீப் கொன்ற பிறகு, இளைய குமாரர் ராஜாராம் மாறுவேடத்தில் நாடு கடந்து வந்து புகுந்த இடம் இந்தச் செஞ்சிதான். 1690-இல் மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் கோட்டையை முற்றுகையிட்டான். கோட்டை விழுந்தது 1698-இல்! இடையிலே எட்டு வருஷம். அதிலும் ஒரு விந்தை பாருங்கள்: 1692-ஆம் வருஷக் கடைசியில் சந்தாஜி, தனாஜி என்ற மராட்டிய வீரர்கள் குதிரைப் படையோடு வந்து மொகலாயருக்கு வரும் தானிய வண்டிகளை வழிமறித்தார்கள். மலைமேல் அடைபட்டிருந்தவர்களுக்குச் சோறு இருந்தது. கீழே முற்றுகையிட்டவர்கள் பட்டினி கிடந்து வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. கோட்டை கடைசியில் வீழ்ந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. முன்னதாகவே தப்பிச் சென்றுவிட்டார். திரும்பும் வழி என்று நாலாவதாகச் சொன்னோமே, அது இங்கே பயன்பட்டது.

இதே கோட்டை 1750-ஆம் வருஷம் செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் வசம் ஒரே இரவில் போயிற்று. பொழுது விடிந்து, தாங்கள் பிடித்த மதில்களை அண்ணாந்து பார்த்தபோது அவர்களே திகைத்துப் போனார்களாம். எட்டு வருஷம் காத்ததும் இந்தக் கல்தான். ஒரு ராத்திரியில் போனதும் இந்தக் கல்தான். காப்பது கல் அல்ல, விழிப்பு. பிறகு பிரெஞ்சுக்காரர் பத்து வருஷம் இங்கே இருந்தார்கள். அந்தப் பத்து வருஷத்தில் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்களை நோய்க்குப் பலி கொடுத்தார்கள் என்று ஆர்ம் என்ற ஆங்கிலச் சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார். பீரங்கிக்குத் தப்பியவர்கள் காய்ச்சலுக்குத் தப்பவில்லை. ஆகவே எங்கள் ஜாபிதாவில் முதலில் எழுதியது கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், இரண்டாவது கொசுவலை.

புத்தகம் சொல்லாத விஷயங்களும் இருக்கின்றன அல்லவா? அவற்றுக்காக, மலையடிவாரத்தில் பல காலமாக ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைத் தேடிப் போனோம். சந்திராயன் துர்க்கத்தில் ஏறலாமா என்று கேட்டோம். ஏனென்றால் பிள்ளைக்கு அந்த மூன்றாவது மலைமேல்தான் ஆசை அதிகம். யாரும் போகாத மலை என்றால் இளைஞர்களுக்கு அப்படித்தான்.

பெரியவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "முள்ளு மண்டிக் கிடக்கிறது ஐயா. படி இருந்த இடமே தெரியாது. பாறை இடுக்கில் தேன்கூடு இருக்கும். கல் உருண்டு சத்தம் கேட்டால் போதும், கிளம்பிவிடும். நீங்கள் போகலாம். அம்மா போகலாம். குழந்தை போகக் கூடாது" என்றார். சிறிது நேரம் கழித்து, தாமாகவே ஒன்று சொன்னார்: "மேலே போகும்போது யாரும் வழி தவறுவதில்லை. உச்சி கண்ணுக்குத் தெரிகிறது. இறங்கும்போதுதான் தவறும். ஏறும்போதே அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டு போகவேண்டும்."

மலை நடையைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் இருக்கலாம். இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகுமா என்பது சந்தேகம். சந்திராயன் துர்க்கம் திட்டத்திலிருந்து நீங்கிற்று.

இந்த நிலையில்தான் எங்கள் திட்டத்தையே புரட்டிவிட்ட ஒரு சம்பவம் நடந்தது. எங்கள் வீட்டில் அத்தை ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்திரண்டு. மணமாகி இவ்வூருக்கு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. நாங்கள் கூடத்தில் படத்தைப் பரப்பிக்கொண்டு பேசுவதையெல்லாம் அவர் தூணோரம் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருப்பார். ஒருநாள் தொலைபேசியில் பேசிக் கொண்டிருந்த குழந்தை, "பாட்டி, நீங்களும் மலைக்கு வருகிறீர்கள்தானே?" என்று கேட்டுவிட்டது.

அத்தை சிரித்தார். "நானா? கமலக்கண்ணி அம்மன் கோயில் வரைக்கும் போயிருக்கிறேன், கண்ணு. அதற்கு மேல் போனதில்லை. ஆண்பிள்ளைகள் மேலே போவார்கள். நாங்கள் கீழேயே பொங்கல் வைத்துப் படைத்துவிட்டுத் திரும்பிவிடுவோம்."

"மேலே என்ன இருக்கிறது, பாட்டி?"

"ரங்கநாதர் கோயில் இருக்கிறதாம். பாலம் இருக்கிறதாம். நான் பார்த்ததில்லை."

ஐம்பது வருஷமாகத் தினந்தோறும் காலையில் வாசல் தெளிக்கும்போது எந்த மலையைப் பார்த்தாரோ, அந்த மலையின் மேல் என்ன இருக்கிறது என்பதை 'இருக்கிறதாம்' என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம். ராஜா தேசிங்கின் கதையைத் தெருக்கூத்தில் எத்தனை முறை கேட்டிருப்பார்! 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதுல்லா கானை எதிர்த்துச் சிறு படையோடு சென்று உயிர் விட்ட அந்த இளைஞனையும், நீலவேணிக் குதிரையையும், உடன்கட்டை ஏறிய ராணியையும் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது. கதை முழுதும் அவருடையது. கதை நடந்த இடம் மட்டும் அவருடையதல்ல என்றால் அது என்ன நியாயம்? மலைகள் விஷயத்தில் நம் பெண்களுக்கு இது புதிதும் அன்று. கேரளத்து வழியாக அகஸ்தியர் மலைக்கு ஏறி, அதிருமலை முகாமில் இரவு தங்கும் யாத்திரையில், நீதிமன்றத் தீர்ப்பின் பிறகு 2019-இல்தானே பெண்களும் உச்சிக்குப் போக முடிந்தது!

"அத்தை, நீங்கள் வருகிறீர்கள்" என்றோம்.

"முழங்கால் வலிக்கிறவளை எங்கே இழுத்துக்கொண்டு போவீர்கள்? நடுவிலே உட்கார்ந்துவிட்டால் உங்கள் எல்லோருடைய யாத்திரையும் கெட்டுப் போகும்" என்றார். அவர் மறுத்த விதத்திலேயே ஆசை தெரிந்தது.

அன்றிலிருந்து திட்டத்தின் அஸ்திவாரம் மாறிவிட்டது. வலுவுள்ளவன் எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்குப் போடுவதை நிறுத்தினோம். அத்தையின் நடைக்கு எவ்வளவு தூரம் என்று கணக்கிட ஆரம்பித்தோம். மலை நடையில் கூட்டத்தின் வேகம் என்பது கடைசி ஆளின் வேகம்தான் என்று பிள்ளையும் ஒப்புக்கொண்டான். அவன் நாட்டிலும் அதுவே விதியாம். டாக்டரிடம் அத்தையை அழைத்துப் போனோம். அவர் நாடி, ரத்த அழுத்தம், இருதயம் எல்லாவற்றையும் பரிசோதித்து, வெயிலுக்கு முன் ஏற வேண்டும், நின்று நின்று ஏற வேண்டும், மூச்சு வாங்கினால் அந்த இடத்திலேயே திரும்ப வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளின் பேரில் அனுமதி கொடுத்தார். அதன்பின் ஒவ்வொரு நாள் மாலையும் அத்தை மாடிப்படியில் ஏறி இறங்குகிறார். முதல் நாள் இரண்டு தடவை. இப்பொழுது பன்னிரண்டு தடவை. எண்ணிக்கையைச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைக்கிறார்.

முடிவான திட்டத்தை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம், யாருக்கேனும் உபயோகப்படலாம்.

காலம் தை மாதம். மழை நின்று சுனைகளிலும் குளங்களிலும் நீர் இருக்கும். பாறை இன்னும் காயத் தொடங்கியிருக்காது. பங்குனி, சித்திரையில் இந்தப் பாறைகள் அடுப்பில் வைத்த தோசைக் கல்லாகிவிடும்.

முதல் நாள், ராஜகிரி ஒன்றே. வாயில் திறந்தவுடன் நுழைந்து நேரே ஏறுவது. கீழே உள்ள கல்யாண மகால், குதிரை லாயம், களஞ்சியம், 1717-18-இல் கட்டிய சாதுல்லா கான் மசூதி, முத்தியாலு நாயக்கர் கட்டிய வேங்கடரமணர் கோயில் எல்லாவற்றையும் இறங்கி வந்த பிறகு நிழலில் நிதானமாகப் பார்ப்பது. வருகிறவர்கள் பொதுவாக இதைத் தலைகீழாகச் செய்து, உச்சி வெயிலில் மலையடியில் நிற்கிறார்கள். நண்பகல் பன்னிரண்டு மணி அடிக்கும்போது எந்தப் படியில் இருந்தாலும் சரி, உச்சி பத்து அடியில் இருந்தாலும் சரி, திரும்பிவிடுவது என்று எழுதி எல்லோரும் கையொப்பம் இட்டிருக்கிறோம். குழந்தையும் இட்டிருக்கிறது.

இரண்டாம் நாள் காலையில் கிருஷ்ணகிரி. பிற்பகலில் ஊருக்கு வடக்கே திருநாதர் குன்று. அங்கே பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பழைய எழுத்தில் ஒரு கல்வெட்டும் இருக்கிறது. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த இடம் இது என்று அது கூறுகிறது. எதை எடுத்துப் போவது, எதை விடுவது என்று ஜாபிதா எழுதுகிற நாங்கள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலைக்கு வந்த ஒருவரின் முன்னால் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க விரும்புகிறோம். மாலையில் சிங்கவரம். பல்லவர் காலத்துக் குடைவரையில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதர், போருக்குப் போகாதே என்று தடுத்தும் தேசிங்கு கேளாததால் முகத்தைத் திருப்பிக் கொண்டார் என்பது கதை. அன்றிரவு அவ்வூரில் தெரிந்த விவசாயி ஒருவரின் வீட்டில் தங்குகிறோம். மலைக் குடிலுக்குப் பதில் மலையடித் திண்ணை. அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். அரிசியும் பருப்பும் நாங்கள் கொண்டுபோவது, சமையல் இரண்டு வீட்டாரும் சேர்ந்து செய்வது என்று உடன்பாடு.

மூன்றாம் நாள், சமண மடம் உள்ள மேல்சித்தாமூர். அத்தையும் குழந்தையும் வண்டியில். மற்றவர்கள் வயல் வழியே நடை. அங்கே எங்களுக்கு வேண்டிய நயினார் குடும்பம் ஒன்று இடம் தருகிறது. சூரியன் மறைந்த பிறகு அவர்கள் உண்பதில்லை. ஆகையால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும். இருட்டுவதற்கு முன் தங்குமிடம் சேர் என்று மலை நடைக்காரர்கள் சொல்வதை, இந்த வீட்டார் சாப்பாட்டு விதியாகவே வைத்திருக்கிறார்கள்!

சுமை விஷயம்: தலைக்கு மூன்று லிட்டர் தண்ணீர், புளியோதரை, அவல், பொரிவிளங்காய் உருண்டை, எலுமிச்சம்பழம், உப்பு, ஒரு போர்வை, ஒரு கைவிளக்கு, ஒரு விசில், மருந்துப் பெட்டி, மூங்கில் தடி. ராஜகிரியில் குரங்குகள் அதிகம். கையில் தொங்கும் பை அவற்றுக்கு நிவேதனம். ஆகவே எல்லாம் முதுகுப் பையில். பிளாஸ்டிக் காகிதம் ஒன்றுகூட மலையில் விழக்கூடாது; அதற்கென்று தனியாக ஒரு துணிப்பை, பொறுப்பு குழந்தையுடையது. நியூஜிலாந்துக் குடிலில் இருப்பதைப் போல ஒரு குறிப்பேடும் உண்டு: எந்த வேளை எங்கே இருப்போம் என்று எழுதி எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறோம். இரவு எட்டு மணிக்குள் செய்தி வராவிட்டால் அவர்கள் தேடத் தொடங்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு பொதுக் காரியம் ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் 11-ஆம் தேதி, மராட்டிய இராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அங்கீகரித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் இதைக் 'கிழக்கின் ட்ராய்' என்று புகழ்ந்தார்கள். ட்ராய் நகரத்தை இங்கே யார் பார்த்திருக்கிறோம்? கோனார்களும் நாயக்கர்களும் மராட்டியரும் முஸ்லிம்களும் ராஜபுத்திரரும் மாறி மாறிக் கட்டியும் காத்தும் வந்த இடத்தை அதன் சொந்தப் பெயரால் அழைத்தாலே போதும். இனி உலகத்தார் வருவார்கள். அவர்களைக் காலையில் இறக்கி மாலையில் ஏற்றி அனுப்புவதோடு நம் உபசாரம் முடிந்துவிடலாமா? மலைமேல் கட்டடம் எதுவும் எழுப்ப வேண்டாம், எழுப்பவும் கூடாது. ஆனால் மதிலுக்கு வெளியே, அடிவாரத்துக் கிராமங்களில், சுத்தமான ஒரு சாவடி, குடிநீர், கழிப்பிடம், பெயர் எழுதும் ஒரு குறிப்பேடு, வழி தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் நாலு பேர், இவ்வளவு இருந்தால் போதும். நடந்து வருகிறவன் இரண்டு நாள் தங்குவான். தங்குகிறவன் நம்மைத் தெரிந்துகொள்வான். ஆடு மேய்க்கும் பெரியவருடைய அறிவுக்கும் ஒரு விலை கிடைக்கும். சத்திரம் கட்டிய தேசத்துக்கு இது பெரிய காரியமா?

தை பிறக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பிள்ளை தன் பெண்ணுக்குப் புதிய காலணி வாங்கி, பழக்கப்படுத்துவதற்காக வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறானாம். அத்தைக்கும் ஒரு ஜோடி வாங்கினோம். வாழ்நாள் முழுவதும் வாரடித்த செருப்பு அணிந்தவர். முதலில் வேண்டாம் என்றார். நேற்று மாலை மாடிப்படியில் காலடிச் சத்தம் வழக்கத்தைவிடச் சற்று பலமாகக் கேட்டது. எட்டிப் பார்த்தோம். புதுக் காலணியுடன் பதின்மூன்றாவது தடவை ஏறிக் கொண்டிருந்தார். பெரியவர் சொல்லிக் கொடுத்தபடி, ஏறும்போதே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.